கூடத்துக்கு வந்த டிவி: தமிழ்நாட்டு நடுத்தர வீட்டின் ஐம்பதாண்டுக் கணக்கு

தமிழ்நாட்டில் வீட்டுக்கு டிவி வாங்கும் வழக்கம், 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகே வேர்விட்டது. சென்னையையும் அதைச் சுற்றிய ஊர்களையும் தாண்டி அந்த ஒளிபரப்பு எட்டவில்லை. அதனால் முதல் பத்தாண்டில் டிவி வாங்க நினைத்தவர், பணத்தை எண்ணுவதற்கு முன் தம் ஊரில் படம் தெரியுமா என்றுதான் விசாரித்தார். தென்மாவட்டங்களின் நிலை வேறு. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியதும் ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து மொட்டைமாடிகளில் உயரமான இரும்புக் குழாய்கள் எழுந்தன. உச்சியில் ஆன்டெனா, கூடவே ஒரு பூஸ்டர். ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்ப, கீழேயிருந்து இன்னொருவர் “தெரியுது, தெரியுது, அப்படியே விடு” என்று கத்துவது அங்கே அன்றாடக் காட்சி. 1980-களின் பிற்பகுதியில் கொடைக்கானல் கோபுரம் சென்னையின் தமிழ் நிகழ்ச்சிகளைத் தெற்கே கொண்டு சேர்த்தது. அதுவரை குழாய், பூஸ்டர், கம்பி எல்லாம் சேர்ந்ததுதான் அங்கே ஒரு டிவியின் விலை.

அன்றைய கடைகளில் இருந்தவை பெரும்பாலும் உள்நாட்டுத் தயாரிப்புகள். சென்னையின் டயனோரா, சாலிடேர், ஹைதராபாதிலிருந்து அரசு நிறுவனமான இசிஐஎல் தயாரித்த இசி டிவி, கேரளத்தின் கெல்ட்ரான். நான்கு கால்களில் நிற்கும் மரப்பெட்டி, முன்னால் இழுத்து மூடும் கதவு, சிலவற்றில் பூட்டும் உண்டு. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசர் இல்லாமல் டிவியைக் கொடுக்கக் கடைக்காரரே தயங்குவார். இவற்றுக்கு மேல் லைசென்ஸ்: ஆண்டுக்கு 50 ரூபாய் தபால் அலுவலகத்தில் கட்ட வேண்டும். 1980-களின் நடுவில்தான் அது ரத்தானது.

1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தாலும், நடுத்தர வீடுகளில் கறுப்பு வெள்ளை டிவி இன்னும் பல ஆண்டுகள் நீடித்தது. காரணம் விலை. 14 அங்குலக் கறுப்பு வெள்ளை ‘போர்ட்டபிள்’ டிவிதான் அன்றைய சிக்கன வாங்குபவரின் முதல் தேர்வு. வாங்கும் வழியை மாற்றியது தவணை. 1978-இல் எச். வசந்தகுமார் சென்னையில் தொடங்கிய வசந்த் அண்ட் கோ, மாதச் சம்பளக்காரர்களுக்குத் தவணையில் பொருள் கொடுத்தே வளர்ந்தது. 1965-இல் தொடங்கிய விவேக்ஸ், புத்தாண்டு நாள் தள்ளுபடி விற்பனைக்குப் பேர்போனது. சீட்டு எடுத்து வாங்கியவர்களும், தீபாவளி போனஸை நம்பி முன்பணம் கட்டியவர்களும் இவற்றுக்கு இணையாக இருந்தார்கள். 1987-இல் ராமாயணத் தொடர் தொடங்கியபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கம் முழுவதும் ஒரே வீட்டில் கூடியது. அந்த நெருக்கடியே பலரைச் சொந்த டிவி வாங்க வைத்தது என்றால் மிகையாகாது.

1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி தொடங்கியதும் கணக்கு மாறியது. இனி ஆன்டெனா தேவையில்லை. கேபிள்காரர் இழுத்த கம்பி போதும். ஆனால் பழைய டிவிகள் பலவற்றில் சேனல் எண்கள் குறைவு, ரிமோட்டும் இல்லை. சேனல்கள் பெருகப் பெருக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவியே பழசாகத் தோன்றியது. இந்த மனநிலையைச் சரியாகப் பிடித்தது எக்ஸ்சேஞ்ச் வியாபாரம். பழையதைக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலையில் புதியதை எடுக்கலாம் என்ற அகாய் விளம்பரங்கள் அப்போது புகழ்பெற்றன. 1990-களின் நடுவிலும் பிற்பகுதியிலும் சாம்சங், எல்ஜி ஆகிய கொரிய நிறுவனங்கள் வந்தன. சாலிடேர், டயனோரா போன்ற பெயர்கள் மெல்லக் கடையை விட்டு மறைந்தன.

2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக அளித்த இலவச வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதி, அந்த ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளில் நடைமுறைக்கு வந்தது. மாநில அரசின் எல்காட் நிறுவனம் வழியே கொள்முதல் செய்யப்பட்ட 14 அங்குலப் பெட்டிகள், 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இத்தகைய இலவசங்களை எதிர்த்த வழக்கில், தேர்தல் வாக்குறுதி ஊழல் நடைமுறை ஆகாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியல் சர்ச்சை ஒருபுறம் இருக்க, வாங்கும் வழக்கத்தில் இத்திட்டம் செய்த வேலை பெரிது. டிவியே இல்லாத வீடு என்பது அரிதாகிவிட்டதால், அடுத்து வாங்குவது ‘முதல் டிவி’ என்ற நிலை போய்ப் ‘பெரிய டிவி’ என்ற நிலை வந்தது. பிக்சர் டியூப் டிவியின் கடைசிப் பெரும் கொள்முதலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கிடையில்தான் தட்டைத்திரை நுழைந்தது. 2000-களின் தொடக்கத்தில் ‘ஃப்ளாட் டிவி’ என்று கடைகளில் விற்றவை முன்பக்கக் கண்ணாடி மட்டும் தட்டையான பிக்சர் டியூப் டிவிகளே. பின்புறம் பழையபடி பருத்தே இருந்தது. சுவரில் மாட்டும் எல்சிடியும் பிளாஸ்மாவும் அப்போது பணக்கார வீடுகளுக்கு மட்டுமே. பிளாஸ்மா கடைசிவரை சிக்கன வீட்டுக்கு வரவேயில்லை. எல்சிடி மலிவானபோது புது வாங்குபவர் இரண்டு ஏமாற்றங்களைச் சந்தித்தார். ஒன்று அளவு. பழைய திரையின் அகல உயர விகிதம் 4:3, புதியதில் 16:9. திரையின் அளவோ மூலைவிட்டத்தில் சொல்லப்படுகிறது. 21 அங்குலப் பழைய டிவியின் படஉயரம் புதிய திரையில் கிடைக்க 26 அங்குலம் தேவை. 29 அங்குலத்தைக் கொடுத்து 32 அங்குலம் எடுத்தவர் வீட்டில் படத்தின் உயரம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்தது. இரண்டாவது தெளிவு. கேபிளில் வந்த 576 வரிப் படத்தை 768 வரித் திரை இழுத்து விரிக்க, முகங்கள் மங்கித் தெரிந்தன. பழைய டிவியே நன்றாகத் தெரிந்தது என்ற முணுமுணுப்பு பல கூடங்களில் கேட்டது. அதில் நியாயமும் இருந்தது. கடையில் ஓடியது துல்லியமான மாதிரிப் படம், வீட்டில் ஓடியது மாதம் 70 ரூபாய்க்கு வந்த அரசு கேபிள்.

ஆனாலும் மக்கள் மாறினார்கள். அதற்குச் சென்னைக்கு வெளியே மின்வெட்டும் ஒரு காரணம். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்த ஊர்களில் வீட்டு இன்வெர்ட்டர் பரவியது. பின்னொளிக்கு எல்இடி விளக்குகள் வைத்த 32 அங்குலத் திரைக்கு ஏறக்குறைய 50 வாட் போதும். மின்விசிறியோடு சேர்த்து டிவியும் ஓடும். விலையைக் குறைக்க வேறு குறுக்குவழியும் இருந்தது. விமானப் பயணிகள் வெளிநாட்டிலிருந்து சுமந்து வந்த தட்டைத்திரைகள் சென்னை பர்மா பஜார் வரை வந்தன. 2013 ஆகஸ்ட் 26 முதல், பயணிகள் கொண்டுவரும் தட்டைத்திரை டிவிக்கு 36.05 சதவீத வரி விதிக்கப்பட்டதும் அந்த ஆதாயம் போயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில், வட்டியில்லாத் தவணை என்ற பெயரில் கிரெடிட் கார்டுகள் வழியே நடந்த திட்டங்களை ரிசர்வ் வங்கி தடுத்தது. வட்டியைச் செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாடிக்கையாளரிடமே வசூலிக்கிறார்கள் என்பது அதன் வாதம்.

பழுதுபார்ப்பில் வந்த மாற்றம் பட்ஜெட்டை இன்னும் ஆழமாகத் தொட்டது. பழைய டிவிக்குத் தெருமுனை மெக்கானிக் போதும். சென்னை ரிச்சி தெருவில் உதிரி கிடைக்கும். சில நூறு ரூபாயில் பெட்டி மேலும் சில ஆண்டு ஓடும். தட்டைத்திரையில் பேனல் உடைந்தால் மாற்றும் செலவு புதிய டிவியின் விலையை நெருங்கிவிடும். பேனலுக்கு எத்தனை ஆண்டு வாரன்டி என்று கடையில் கேட்கும் வழக்கம் இதிலிருந்து வந்தது.

2018 மார்ச்சில் ஷாவ்மி 32 அங்குல ஸ்மார்ட் டிவியை 13,999 ரூபாய்க்கு ஆன்லைனில் விற்றபோது, இணைய வசதியும் மலிவு விலைக்குள் வந்துவிட்டது. அதே ஆண்டு பேனல் இறக்குமதி வரிச் சிக்கலால் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் டிவி உற்பத்தியை நிறுத்தியது. ஜிஎஸ்டியில் 32 அங்குலம் வரையிலான டிவிக்கு 2019 ஜனவரி முதல் 18 சதவீதமும், அதற்கு மேல் 28 சதவீதமும் இருந்ததால், பெரிய திரைக்கு ஆசைப்பட்டவர் வரியிலேயே தயங்கி நின்றார். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18 சதவீதமே வரி.