அங்சனாவும் ஒரு பூஞ்சையும்

சாங்கியிலிருந்து நகருக்கு வரும் வழியில் சாலையோர மரங்களைக் கவனிச்சிருப்பீங்க. அங்சனா சிங்கப்பூரின் பழைய நிழல் மரங்களில் ஒன்று. மாணவர்களுக்கு எளிதாச் சொல்லணும்னா, குறிஞ்சி நிலத்து வேங்கைக்கு உறவுமரம். அதே மஞ்சள் பூ.

1967-இல் தோட்ட நகரத் திட்டம் வந்தபோது உடனடி நிழல் தேவைப்பட்டது. அங்சனாவின் பெரிய கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். வரிசை வரிசையா நட்டாங்க. ஆனால் ஒரே மரத்திலிருந்து வெட்டிய கிளைகளுக்கு மரபணு ஒன்றே. ஒன்று நோயில் விழுந்தால் மற்றதும் விழும்.

இத்தனைக்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே மலாக்காவிலும், முதல் உலகப் போர்க் காலத்தில் சிங்கப்பூரிலும் இம்மரங்கள் கூட்டமாக வாடிச் செத்திருந்தன. யாரும் பாடம் படிக்கல. 1980களில் வாடல் நோய் திரும்பியது. பிறகுதான் காரணம் பிடிபட்டது: ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்னும் மண்பூஞ்சை.

தேர்வில் பலர் தடுமாறும் இடம் இது. இனம் ஒன்றுதான், நுண்ணோக்கியில் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் வாழையை வாட்டும் வகை வேறு, தக்காளியை வாட்டும் வகை வேறு. இனத்துக்குள்ளே இருக்கும் மரபணு வேறுபாடுதான் எந்தச் செடி சாகும் என்று முடிவு செய்கிறது.

சில அங்சனா மரங்கள் நோயைத் தாங்கி நின்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்து, கிளை வெட்டிப் பெருக்கினார்கள். அதுவும் நகல்தான், கவனிச்சீங்களா?