சஹாரா எப்போதுமே பாலைவனமா?



படிவம் ஒன்றின் வரலாற்றுப் பாடத்தில் பனியுகமும் வரலாற்றுக்கு முந்தைய காலமும் வருகின்றன. அதையொட்டி ஒரு நாள் வகுப்பில் சஹாராவின் பாறை ஓவியம் ஒன்றைக் காட்டினேன். அதில் மாடுகள் கூட்டமாக நடந்து போகின்றன. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "டீச்சர், பாலைவனத்துல மாட்டுக்குப் புல்லு எங்கிருந்து கெடச்சுச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

இன்றைய சஹாராவின் பரப்பு ஏறத்தாழ 9 மில்லியன் சதுர கிலோமீட்டர். அதன் நடுப்பகுதியில் பல இடங்களில் ஆண்டு முழுவதும் சேர்த்தால்கூட 25 மில்லிமீட்டர் மழை பெய்வதில்லை. நம் ஊரில் ஒரே மாலை நேர அடைமழையில் அதைவிட அதிகம் கொட்டிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் மாடு மேய்த்தார்கள் என்றால் நம்புவது கடினம்தான். அதனால் சான்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாறை சொல்லும் செய்தி

1850-ஆம் ஆண்டு ஜெர்மானியப் பயணி ஹைன்ரிக் பார்த் லிபியாவின் தென்மேற்குப் பகுதியைக் கடந்து சென்றார். அங்கே பாறைகளில் மாடுகளைச் செதுக்கியிருப்பதைக் கண்டார். சஹாரா என்றதும் நம் நினைவுக்கு வரும் ஒட்டகம் அந்தப் பழைய சித்திரங்களில் இல்லை. இந்த நிலம் ஒரு காலத்தில் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார்.

1933-இல் ஹங்கேரியைச் சேர்ந்த லாஸ்லோ அல்மாஷி, எகிப்தின் கில்ஃப் கெபீர் பகுதியில் ஒரு குகையைக் கண்டறிந்தார். அதன் சுவரில் மனிதர்கள் நீந்துவதைப் போன்ற உருவங்கள் இருந்தன. 'அருகில் ஏரி இருந்திருக்கும்' என்றார் அவர். ஆனால் அந்த உருவங்கள் உண்மையில் நீந்துகின்றனவா, அல்லது இறந்தவர்களைக் குறிக்கின்றனவா என்பதில் இன்றும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அல்ஜீரியாவின் தசீலி மலைப்பகுதியில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட ஓவியங்களும் செதுக்கல்களும் உள்ளன.

ஓவியம் ஒரு சான்று. ஆனால் அது மட்டும் போதாது. வரைந்தவர் வேறெங்கோ பார்த்ததைக்கூட வரைந்திருக்கலாம், இல்லையா? அதனால் நிலத்தையும் கேட்க வேண்டும்.

நிலம் சொல்லும் செய்தி

சாட் ஏரி இன்று சுருங்கிப்போன ஏரி. ஆனால் அதன் பழைய கரைக்கோடுகள் இன்னும் அழியவில்லை. அவற்றை அளந்து பார்த்தால், ஒரு காலத்தில் அந்த ஏரி ஏறத்தாழ 350,000 சதுர கிலோமீட்டர் பரவியிருந்தது தெரிகிறது. மலேசியாவின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 330,000 சதுர கிலோமீட்டர்தான். அதாவது, நம் நாட்டையே மூழ்கடிக்கக்கூடிய ஓர் ஏரி!

1987-இல் நைஜீரியாவின் வடகிழக்கில் டுஃபுனா என்ற ஊரில் கால்நடை மேய்ப்பவர் ஒருவர் கிணறு தோண்டினார். மண்ணுக்குள் மரம் ஒன்று தட்டுப்பட்டது. தோண்டி எடுத்தபோது அது மரத்தைக் குடைந்து செய்த, 8 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள படகு என்று தெரிந்தது. அதன் வயது ஏறக்குறைய 8,000 ஆண்டுகள். ஆப்பிரிக்காவில் இதுவரை கிடைத்த படகுகளில் இதுவே மிகப் பழையது.

2000-ஆம் ஆண்டு பால் செரீனோவின் குழு நைஜர் நாட்டின் பாலைவனத்தில் டைனோசர் எலும்புகளைத் தேடிப் போனது. கோபெரோ என்ற இடத்தில் அவர்கள் கண்டது டைனோசர் அல்ல, மனிதர்களின் இடுகாடு. அங்கே இரண்டு காலத்து மக்களின் கல்லறைகள் இருந்தன. முதல் கூட்டத்தினர் ஏரிக்கரையில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். பிறகு ஏறத்தாழ 1,000 ஆண்டுகள் அந்த இடம் வெறிச்சோடிக் கிடந்தது. ஏரி வற்றிவிட்டது. மறுபடி தண்ணீர் வந்ததும் வேறொரு மக்கள் கூட்டம் வந்து குடியேறியது. ஒரு கல்லறையில் ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் கைகோத்தபடி படுத்திருக்கிறார்கள்.

மாணவரின் கேள்விக்கும் இங்கே பதில் கிடைக்கிறது. லிபியாவின் தக்கர்கோரி பாறைக்குகையில் கிடைத்த பானை ஓடுகளில் பால் கொழுப்பின் எச்சம் ஒட்டியிருந்தது. இந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. 7,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மாடு வளர்த்துப் பால் கறந்திருக்கிறார்கள். புல் இல்லாமல் பால் ஏது?

சரி, மழை எப்படி வந்தது?

"பனியுகத்தில் சஹாரா குளிர்ச்சியாக, ஈரமாக இருந்தது" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிப்பாறைகள் உச்சத்தில் இருந்தபோது, சஹாரா இன்றைய தெற்கு எல்லையையும் தாண்டிப் பல நூறு கிலோமீட்டர் பரவியிருந்தது. பனியுகம் முடிந்த பிறகுதான் பசுமை வந்தது.

காரணம் பூமியின் அச்சு. சுழலும் பம்பரம் மெல்லத் தலையாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பூமியும் அப்படித்தான் ஆடுகிறது. இன்று பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி மாதத்தில். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அது வட பாதியின் கோடைக்காலத்தில் நிகழ்ந்தது. அதனால் வட ஆப்பிரிக்காவுக்குக் கோடையில் கிடைத்த சூரிய ஒளி இன்றைவிட 7 முதல் 8 விழுக்காடு அதிகம். நிலம் சூடேறியது, சூடான காற்று மேலே எழுந்தது, அந்த இடத்தை நிரப்ப அட்லாண்டிக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்நாட்டுக்குள் வெகுதூரம் நுழைந்தது. பருவமழை வடக்கே நகர்ந்தது. 1981-இல் ஜான் குட்ஸ்பாக் இதைக் கணினி மாதிரி மூலம் விளக்கினார்.

புல் முளைத்ததும் இன்னொரு மாற்றமும் நடந்தது. வெளிர் மணல் வெயிலைத் திருப்பி அனுப்பும். கரும்பச்சைத் தாவரம் வெயிலை உள்வாங்கும். எனவே பசுமை மேலும் மழையை வரவழைத்தது. பிற்காலத்தில் இதே சங்கிலி தலைகீழாகத் திரும்பியது. கோடை வெயில் படிப்படியாகக் குறைய, மழை குறைந்தது. மழை குறைய, புல் குறைந்தது. புல் குறைய, மழை இன்னும் குறைந்தது.

திடீரென்றா, மெல்ல மெல்லவா?

இங்கேதான் அறிஞர்கள் பிரிகிறார்கள். பீட்டர் டிமெனோக்கல் குழுவினர் மவுரித்தேனியாவை ஒட்டிய கடலடி வண்டலை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முன் அதில் பாலைவனத் தூசி சட்டென்று கூடியிருந்தது. எனவே 'மாற்றம் திடீரென நடந்தது' என்றார்கள். 2008-இல் ஸ்டெஃபன் குரோபெலின் குழு சாட் நாட்டின் யோவா ஏரி வண்டலை ஆராய்ந்து, 'இல்லை, மாற்றம் படிப்படியாக நடந்தது' என்றது. யார் சொல்வது சரி? சஹாரா ஒரே இடமல்ல. ஒரு பகுதி சட்டென்று வறண்டிருக்கலாம். இன்னொரு பகுதி மெதுவாக வறண்டிருக்கலாம். இரண்டு சான்றுகளையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

வறட்சி பரவப் பரவ மக்கள் நகர்ந்தார்கள். கிழக்குச் சஹாராவில் கி.மு. 5300-க்குப் பிறகு குடியிருப்புகள் குறைகின்றன. பின்னர் நைல் பள்ளத்தாக்கில் மக்கள் பெருகுகிறார்கள். கி.மு. 3100 வாக்கில் எகிப்து ஒரே அரசாகிறது. ஆனால் மாணவர்களே, தேர்வில் "சஹாரா வறண்டதால் எகிப்திய நாகரிகம் தோன்றியது" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். வறட்சி ஒரு காரணம். நைல் நதியின் வெள்ளம், வேளாண்மை, வணிகம், அரசாட்சி எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. 'காரணம்', 'காரணங்களுள் ஒன்று' ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து எழுதினால் விடை வலுவாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்டதும் சில மாணவர்கள், "காலநிலை எப்பவுமே மாறிக்கிட்டுதானே இருந்துச்சு, இப்ப மட்டும் ஏன் பயப்படணும்?" என்பார்கள். அவர்களைத் திட்டாதீர்கள், நியாயமான கேள்விதான். அன்றைய மாற்றத்தைத் தொடங்கியது பூமியின் தலையாட்டம். அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இன்று காற்றில் கரியமில வாயு, தொழிற்புரட்சிக்கு முன் இருந்த ஏறத்தாழ 280 பங்கிலிருந்து, மில்லியனுக்கு 420 பங்குக்கு மேல் கூடிவிட்டது. இதற்கு இரண்டரை நூற்றாண்டுகளே ஆயின, காரணம் நாம்தான். அன்று தண்ணீர் வற்றியபோது மக்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வேறு இடம் தேடிப் போனார்கள். குறுக்கே எல்லைக்கோடு இல்லை, கடப்பிதழ் கேட்பாரும் இல்லை. இன்று போவதற்கு இடம் எங்கே?

அடுத்த முறை அந்த மாட்டு ஓவியத்தை வகுப்பில் காட்டும்போது, பதிலைச் சொல்லிவிடாதீர்கள். புல் எங்கே போனது என்று மாணவர்களையே முதலில் கேட்க விடுங்கள்.