வெளிச்சத்தை அளந்த கதை



மும்பையில் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளை ஒட்டிய தெருக்களில் நடந்து செல்பவர் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். அங்குள்ள பழைய வீடுகள் பெரும்பாலும் தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடிகளுமாகவே நிற்கின்றன. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே, சந்து என்று சொல்லத் தகாத அளவுக்குத் தாராளமாக இடம் விடப்பட்டிருக்கிறது. 1920, 1930-களில் உத்தியோகத்தை நாடி வந்த தென்னாட்டுக் குடும்பங்கள் அவ்வீடுகளில் வாடகைக்குக் குடியேறின. அந்த இடைவெளி அழகுக்காக விடப்பட்டதன்று. அதன் பின்னே ஒரு பெருஞ்சாவும் ஒரு கணக்கும் உண்டு.

1896 செப்டம்பரில் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் தோன்றியதை டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். மாண்ட்வி தெருக்கள் நெருக்கமானவை. வீடுகளின் உள்ளறைகளில் பகலிலும் விளக்கு வேண்டும். நோய்க்குக் காரணம் அந்த இருளும் கெட்ட காற்றுமே என்று அதிகாரிகள் நம்பினர். கூரை ஓடுகளைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டனர். குடியிருக்கத் தகாதவை என்று தீர்மானித்த வீடுகளின் சுவர்களில் மூன்று ஆங்கில எழுத்துக்களைத் தீட்டினர். 1898-இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் தோன்றியது. அதே 1898-இல், கராச்சியில், பிளேக்கைப் பரப்புவது எலியின் தெள்ளுப்பூச்சியே என்று பிரெஞ்சு மருத்துவர் சிமாண்ட் கண்டார். ஆகவே டிரஸ்ட் பிழையான ஒரு கொள்கையின்மேல் பிறந்தது என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அந்தப் பிழையிலிருந்து பம்பாய்க்கு ஒரு நல்ல விதி கிடைத்தது.

டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே. பி. ஆர் என்பவர் 1912-இல் பம்பாய் வீடுகளின் வெளிச்சத்தையும் காற்றையும் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அதில் விளக்கப்பட்ட விதி 63½ பாகை விதி எனப்படும். கேட்பதற்குக் கணித வகுப்பு போல் இருக்கும்; விஷயம் மிக எளிது. ஓர் அறையின் வெளிச்சுவரடியில் நின்று எதிர்க்கட்டிடத்தின் உச்சியை அண்ணாந்து பார்க்கிறோம் என்று கொள்வோம். பார்வைக்கோடு தரையோடு செய்யும் கோணம் 63½ பாகைக்கு மேற்படலாகாது. கட்டிடத்தின் உயரத்தில் பாதியளவேனும் இடைவெளி இருந்தால் இந்தக் கணக்கு நிறைவேறும். பாதிக்குக் குறைந்தால் கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு வானம் மறைந்துவிடும். சுகாதாரத்தை ஒரு முழக்கோலால் அளக்கலாம் என்று காட்டிய இந்த விதியை மொழிபெயர்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு உண்டு. சர்க்கார் காகிதங்களில் இத்தனை தெளிவான வாக்கியங்கள் அடிக்கடி அகப்படுவதில்லை.

வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்ற இந்தக் கவலையோடுதான் தாதர்–மாட்டுங்கா பகுதி மனை பிரிக்கப்பட்டது. கடற்காற்று மேற்கிலிருந்து வருவது. இரு பக்கமும் ஜன்னல் திறந்தால் அது அறையைக் கடந்து போகும். ஜன்னலுக்கு மேலே நீட்டிய சன்ஷேடு மழைச்சாரலையும் உச்சிவெயிலையும் ஒருசேரத் தடுக்கும். தெருமரங்கள் நிழல் தரும். மின்விசிறி வாங்க வகையற்ற குமாஸ்தாவும் ஏப்ரல் மாதத்தை அங்கே தள்ளிவிடலாம்.

ஆனால் டிரஸ்ட் இடித்த வீடுகளில் இருந்தவர் எல்லாரும் மாட்டுங்காவுக்கு வந்துவிடவில்லை. அந்த வாடகை அவர்களுக்கு எட்டாது. ரயில் பாதைக்கு மறுபுறம், கழிமுகச் சதுப்பை ஒட்டித் தாராவி இருந்தது. கோலி மீனவர் அங்கே முன்பே குடியிருந்தனர். சௌராஷ்டிரக் குயவர் வந்தனர். தோல் பதனிடும் தொழிலோடு திருநெல்வேலிச் சீமையார் வந்தனர். அவர்கள் சதுப்பைத் தாமே தூர்த்துத் தகரக் கூரை வேய்ந்தனர். அங்கே பாகையும் இல்லை, கோணமும் இல்லை. கோடையில் தகரம் காய்ந்து அறை அடுப்பாகும்; மழையில் மிட்டி ஆறு வீட்டுக்குள் வரும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது அந்த ஆற்றின் கரைகள் பட்ட பாட்டை மும்பைவாசிகள் மறக்கவில்லை. தாராவியின் ஓரத்திலேயே, குப்பை மேடாய்க் கிடந்த நிலத்தில் மரம் வளர்த்து, 1994-இல் மாஹிம் இயற்கைப் பூங்காவைத் திறந்தனர். நிலத்தைத் திருத்த இந்நகருக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

குடிசைக்குப் பதில் மாடிவீடு என்ற திட்டங்கள் பின்னர் வந்தன. இங்கேதான் கணக்கு கைவிடப்பட்டது. புனர்வாழ்வுக் கட்டிடங்களுக்கு இடைவெளி விதிகள் தளர்த்தப்பட்டன. செம்பூருக்குக் கிழக்கே கோவண்டியில் நட்வர் பாரேக் காம்பவுண்டு என்னும் குடியிருப்பு இருக்கிறது. தரைத்தளத்தின்மேல் ஏழு மாடி. கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் ஏறத்தாழ 3 மீட்டர். உயரத்தை 22 மீட்டர் என்று கொண்டால், 1912-இன் விதிப்படி 11 மீட்டர் விட்டிருக்க வேண்டும். கீழ்த்தளங்களில் நண்பகலிலும் மின்விளக்கு எரிகிறது, விசிறி நிற்பதில்லை. உள்ளே சூடு, வெளியே மின்கட்டணம்.

'டாக்டர்ஸ் ஃபார் யூ' என்னும் மருத்துவத் தொண்டு நிறுவனத்தார் இக்குடியிருப்பையும், மான்குர்டிலுள்ள லல்லுபாய் காம்பவுண்டையும், பி.எம்.ஜி. காலனியையும் ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். வெளிச்சமும் காற்றும் குறைந்த கீழ்த்தள வீடுகளில் காசநோய் மிகுந்திருந்தது. கட்டிடங்கள் விலகி நிற்கும் பி.எம்.ஜி. காலனியிலோ அது மிகக் குறைவு. மூன்றும் ஏழைகள் வாழும் இடங்களே. பிளேக்கைப் பற்றித் தவறாக எண்ணிய அந்நாளைய அதிகாரிகள் காசநோயைப் பொறுத்தவரை சரியாகவே எண்ணியிருக்கின்றனர்.

தாராவியைப் புதுப்பிக்கும் பணி இப்போது நடப்பில் இருக்கிறது. புதிய வீட்டின் பரப்பு எத்தனை சதுர அடி என்பதே எங்கும் பேச்சாக இருக்கிறது. எதிர்ச்சுவர் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கும் என்று, தாராவியில் எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி மட்டும் கேட்டார். அவருடைய மகள் குடியிருப்பது கோவண்டியில், இரண்டாம் மாடியில்.