உளியும் ஏடும்

ஒரு தொழில் நலிவதற்குக் கருவிகள் இல்லாமை மட்டுமே காரணமன்று. கருவியைக் கையாளும் கைகள் அருகிப்போதலே பெருங்காரணம். இதற்குச் சான்றாகத் தமிழகச் சிற்பக் கலையின் வரலாற்றை மாணவர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

பண்டு சிற்பம் குலத்தொழிலாய் இருந்தது. தந்தையின் பட்டறையே மைந்தனுக்குப் பள்ளி. கல்லைத் தட்டி எழும் ஓசையால் அதன் தரம் அறிதல், உளியைக் காய்ச்சிக் கூராக்குதல், தாள அளவுகளால் உருவத்தின் உறுப்புக்களை வகுத்தல் ஆகிய யாவும் அருகிருந்து செய்து பழகியவை. மன்னரும் செல்வரும் கோயில் எடுத்த காலத்தில் இம்முறை தழைத்தது. அவர்தம் ஆதரவு சுருங்கவே வேலை குறைந்தது. வேலை குறையவே சிற்பியின் மகன் வேறு பிழைப்பை நாடினான். ஏட்டில் ஏறாத நுட்பங்கள், அறிந்த முதியவரோடு மறையலாயின. ஒரு தலைமுறை கல்லாது விட்டதை அடுத்த தலைமுறை யாரிடம் கேட்கும்?

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கி, ஓவியத்தையும் கைத்தொழில்களையும் வளர்த்தார். கோயிற் சிற்ப மரபுக்கென மாமல்லபுரத்தில் அரசு பயிற்சிப் பள்ளி நிறுவியது 1957இல்தான். அதன் தொடக்ககாலத் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. 1961இல் பொறுப்பேற்ற அவர் மைந்தர் கணபதி ஸ்தபதி, கணிதத்தில் பட்டம் பெற்றவர். ஏட்டறிவும் உளிப் பழக்கமும் அங்கே ஒரே கூரையின்கீழ் வந்தன. சிற்பியின் மகனாய்ப் பிறவாதவனுக்கும் கதவு திறந்தது. பள்ளி பின்னர்க் கல்லூரியாயிற்று.

ஆயினும் பள்ளி மட்டும் போதுமா? போதாது என்பேன். கற்றவனுக்கு வேலை வேண்டும். குமரிமுனையில் கணபதி ஸ்தபதி வடிவமைத்த திருவள்ளுவர் சிலை 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்றது. பீடம் 38 அடி, சிலை 95 அடி, ஆக 133 அடி. இத்தகைய பெரும்பணி சிற்பிகள் பலருக்கு ஊதியம். இளையோருக்கோ அதுவே உயர்கல்வி.

இவ்வரலாறு தச்சு, கொத்து, கொல்லு முதலிய தொழில்கள் யாவற்றுக்கும் பொருந்தும். முதியவர் கைத்திறன் உள்ளபோதே அவரை ஆசிரியராக்குக. கற்போனுக்குப் பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் அளிக்க. பணிகளை உள்ளூர்க் கைவினைஞர்க்கு வழங்குக. இவற்றோடு மதிப்பும் வேண்டும். மாணவர்களே, உளி பிடித்த கையைப் பேனா பிடித்த கைக்குத் தாழ்ந்ததென எண்ணும் வரையில், எத்தனை பள்ளி திறந்தாலும் அவற்றின் இருக்கைகள் நிரம்பா.