அச்சுகளின் எண்ணிக்கையும் அச்சுகளின் இடமும்: ஐந்து அச்சு சிஎன்சி வேலையில் துல்லியம் பற்றி

உலோகம் வெட்டும் சிஎன்சி இயந்திரம் ஒன்றின் தகுதியை அறிய முதலில் கேட்கப்படுவது அதற்கு எத்தனை அச்சு என்பதுதான். விற்பனையாளரின் விவரப் புத்தகம், வாங்குபவரின் டெண்டர், அரசுகள் வகுத்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் ஆகிய மூன்றிலும் இந்த எண்ணே முன்னால் நிற்கிறது. எண் பொய் சொல்வதில்லை. கட்டர் ஜாப்பின் எந்தெந்தப் பரப்பை எட்டும் என்பதை அது சரியாகவே சொல்கிறது. எட்டிய இடத்தில் எத்தனை மைக்ரானுக்குள் வெட்டும் என்பதற்கு அதில் விடை கிடையாது. சுழல் அச்சுகள் எங்கே இருக்கின்றன என்பதை இயந்திரத்தின் கன்ட்ரோலர் எவ்வளவு சரியாக அறிந்திருக்கிறதோ அவ்வளவுதான் துல்லியம். ஆகவே பல அச்சு வேலையில் துல்லியம் அடிப்படையில் அளவையியலைச் சேர்ந்த பிரச்சினை. அச்சு எண்ணிக்கையைத் திறனின் அளவுகோலாகக் கொள்ளும் பழக்கம் அதை மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எண்ணிக்கைக்கு உரிய மதிப்பை முதலில் கொடுத்துவிடலாம். எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று நேர் அச்சுகள் கட்டரின் நுனியை எந்தப் புள்ளிக்கும் கொண்டுபோகும். அது எந்தப் பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும் என்பது அவற்றின் கையில் இல்லை. ஏ, பி, சி என்ற சுழல் அச்சுகளில் இரண்டு சேரும்போதுதான் சாய்வும் நம் வசமாகிறது. இம்பெல்லரின் முறுக்கிய இதழ்களுக்கு இடையே கட்டர் நுழைய வேறு வழியில்லை. எளிய பரப்பிலும் ஆதாயம் உண்டு. 10 மி.மீ. விட்டமுள்ள உருண்டைமுனைக் கட்டரை நிமிடத்துக்கு 3000 சுற்று ஓட்டினால் முழு விட்டத்தில் வெட்டு வேகம் நிமிடத்துக்குச் சுமார் 94 மீட்டர். நுனியின் நடுவிலோ பூஜ்யம். நேராக நிற்கும் கட்டர் தட்டையான பரப்பை அந்த நுனியால்தான் தொடும். அங்கே உலோகம் வெட்டுப்படாமல் தேய்படும். கட்டரை 15 டிகிரி சாய்த்தால் தொடும் இடத்தின் பயனுறு விட்டம் சுமார் 2.6 மி.மீ. ஆகி, வேகம் 24 மீட்டருக்கு ஏறுகிறது. அதே கட்டர் 0.5 மி.மீ. இடைவெளியில் ஓடும்போது இரண்டு தடங்களுக்கு நடுவே ஏறக்குறைய 6 மைக்ரான் உயரத்தில் ஒரு மேடு மிஞ்சும். பக்கவாட்டு ஆரம் 85 மி.மீ. உள்ள பேரல் கட்டரைத் தக்க கோணத்தில் சாய்த்துப் பிடித்தால், அதே மேட்டுயரத்துக்கு இடைவெளியை 2 மி.மீ. வரை கூட்டலாம், தடங்கள் கால்வாசியாகக் குறைகின்றன. கூடுதல் அச்சுகள் தரும் இந்த ஆதாயங்களை யாரும் மறுக்க முடியாது.

இதற்குக் கொடுக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது. சுழல் அச்சின் கோணப் பிழை தூரத்தோடு வளரும்: ஒரு விகலை, அதாவது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு பிசகினால், மையத்திலிருந்து 200 மி.மீ. தள்ளி அது ஏறத்தாழ 1 மைக்ரான் ஆகிறது. ஆனால் கோணத்தைவிட மையம் பற்றிய பிழையே பெரிது. தொட்டில்போல் சாயும் மேசையின் மேல் சுழல்தட்டு அமைந்த இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். சி அச்சின் மையம் கன்ட்ரோலரில் 10 மைக்ரான் தள்ளிப் பதிவாகியிருக்கிறது. ஜாப்பின் ஒரு முகத்தை வெட்டி, தட்டை 180 டிகிரி திருப்பி எதிர்முகத்தை வெட்டினால் இரண்டாவது முகம் 20 மைக்ரான் விலகி நிற்கும். இரண்டு முகங்களும் பளபளவென்று இருக்கும். ஒவ்வோர் அச்சும் இட்ட கட்டளைப்படி அப்படியே நகர்ந்திருக்கும். கட்டளைக்கு அடிப்படையான எண்தான் தவறு. ஒரு சுழல் அச்சின் நிலையைக் குறிக்க இரண்டு இடப்பெயர்வுகளும் இரண்டு சாய்வுகளும் தேவை. ஆக இரண்டு அச்சுகளுக்கு எட்டு மாறிலிகள். மூன்று அச்சு இயந்திரத்தில் இந்த எட்டுக்கும் இடமே இல்லை. ஐந்து அச்சு இயந்திரத்தை வாங்குகிறவர் இரண்டு அச்சுகளோடு எட்டு அறியப்படாத எண்களையும் சேர்த்தே வாங்குகிறார்.

அந்த எண்களும் நிலையாக நிற்பதில்லை. வார்ப்பிரும்பு ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்குச் சுமார் 11 மைக்ரான் நீளும். சுழல் மையத்துக்கும் அளவுக்கோலின் ஆதாரப் புள்ளிக்கும் நடுவே 300 மி.மீ. வார்ப்பிரும்பு இருந்து, ஸ்பிண்டிலும் மேசை மோட்டாரும் தரும் வெப்பத்தில் அது 3 டிகிரி சூடேறினால், மையம் ஏறக்குறைய 10 மைக்ரான் நகர்ந்துவிடுகிறது. மேலே பிழையாகச் சொன்ன அதே அளவு ஒரே ஷிஃப்டுக்குள் தானாகவே வந்து சேர்கிறது. இயந்திரத்தை நிறுவிய அன்று எடுத்த அளவீட்டுச் சான்றிதழ் அந்த நாளின் அந்த வெப்பநிலைக்கே சாட்சி. அதன் பிறகு ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அதையே ஆதாரமாகக் காட்டுவது தர்க்கப்படி செல்லாது.

அறிந்த எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையும் துல்லியத்தில் பங்கு கொள்கிறது. கட்டர் நுனியைத் தடத்திலேயே வைத்துக்கொண்டு மேசையைத் திருப்பும் கணக்கை இன்றைய கன்ட்ரோலர்கள் தாமே செய்கின்றன, ஃபானுக்கில் ஜி43.4, ஹைடன்ஹைனில் எம்128, சீமென்ஸில் டிராவோரி என்று அதற்குப் பெயர்கள். ஆயினும் கட்டரின் திசை சி அச்சுக்கு இணையாகும் இடத்தில் அந்தக் கணக்கு திணறுகிறது. கட்டர் செங்குத்திலிருந்து 0.1 டிகிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்து, எதிர்ப்பக்கம் அதே 0.1 டிகிரி சாய வேண்டுமென்றால், ஜாப்பைப் பொறுத்தவரை மாற்றம் மிகச் சிறிது. சாய்வை ஒரே பக்கம் வைத்துக்கொள்ளும் தீர்வில் சுழல்தட்டோ 180 டிகிரி திரும்பியாக வேண்டும். அந்தத் திடீர்ச் சுழற்சியில் ஊட்டம் தளர்ந்து பரப்பில் கோடு விழும். ஜாப்பைச் சற்றுச் சாய்த்துப் பூட்டியும், தடத்தை மாற்றியும், போஸ்ட் பிராசசரில் வேறு தீர்வைத் தேர்ந்தும் இதைத் தவிர்க்கலாம். ஒரே அச்சு அமைப்புள்ள இரண்டு இயந்திரங்கள் ஒரே ஜாப்பை வேறுவேறு தரத்தில் தருவதற்கு இதுவும் காரணம்.

எண்ணிக்கையை நம்பிய கொள்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு டோஷிபா–கொங்ஸ்பெர்க் விவகாரம் சான்று. டோஷிபா மெஷின் நிறுவனம் 1982–83இல் லெனின்கிராட் கப்பல் கட்டும் தளத்துக்கு ஒன்பது அச்சுள்ள புரொப்பெல்லர் மில்லிங் இயந்திரங்களை அனுப்பியது. கன்ட்ரோலர்கள் நார்வேயின் கொங்ஸ்பெர்க் நிறுவனத்துடையவை. சோவியத் அணிக்கு இத்தகைய பல அச்சு இயந்திரங்கள் செல்வதை, மேற்கு நாடுகளும் ஜப்பானும் சேர்ந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழுவான கோகாமின் விதிகள் தடுத்திருந்தன. ஆகவே உரிம விண்ணப்பத்தில் அவை இரண்டு அச்சுச் செங்குத்துக் கடைசல் இயந்திரங்கள் என்று காட்டப்பட்டன. உள்ளே இருந்தவர் ஒருவர் 1985இல் கோகாமுக்குத் தகவல் தந்தார். 1987இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் டோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் உடைத்தார்கள். தாய் நிறுவனத்தின் தலைவர்கள் பதவி விலகினார்கள். தடை, மோசடி, கோபம் மூன்றும் அச்சு எண்ணிக்கையைச் சுற்றியே நடந்தன. ஆனால் ஒன்பது அச்சுகளை ஒருசேர இயக்கும் திறன் ஜப்பானிய வார்ப்பிரும்பில் மட்டும் இருக்கவில்லை. அதில் ஒரு பெரும்பங்கு வேறொரு நாட்டில் செய்த கன்ட்ரோலருக்குள் இருந்தது. சோவியத் நீர்மூழ்கிகள் அமைதியானதற்கு இந்த இயந்திரங்களே காரணம் என்ற குற்றச்சாட்டும் முழுமையாக நிற்காது: விக்டர் மூன்றாம் வகைக் கப்பல்களில் இரைச்சல் குறைந்தது இயந்திரங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே தெரியவந்துவிட்டது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு தொழிற்கூடத்திலிருந்தே எழும். மூன்று அச்சில் ஆறு முக ஜாப்பைப் பலமுறை கழற்றி மாட்ட வேண்டும்; ஒவ்வொரு செட்டிங்கிலும் பிழை சேரும்; ஐந்து அச்சில் பிடித்த முகம் தவிர மற்றவை ஒரே செட்டிங்கில் முடிவதால் துல்லியம் தானே கூடுகிறது என்பார்கள். கவனிப்பு உண்மை, முடிவு பாதி உண்மை. ஃபிக்ஸ்சரில் மாட்டும் பிழை ஜாப்புக்கு ஜாப் மாறும். ஆப்பரேட்டர் டயல் கேஜை வைத்தால் கண்ணுக்குத் தெரியும். சுழல் மையப் பிழையோ, மையம் நகராதவரை, எல்லா ஜாப்பிலும் ஒரே திசையில் ஒரே அளவில் விழும். கன்ட்ரோலரின் அட்டவணைக்குள் ஒளிந்திருக்கும். ஒழுங்கான பிழை ஒழுங்கற்ற பிழையைவிட மேலானதுதான், ஏனெனில் அதைத் திருத்த முடியும். அளந்தால்தான் திருத்த முடியும் என்ற நிபந்தனையோடுதான் அந்த மேன்மை கிடைக்கிறது. அளக்காத கூடத்தில் ஐந்து அச்சு இயந்திரம் ஒரே தவறை நூறு ஜாப்பில் பிசகாமல் செய்து தரும்.

அளப்பது இப்போது எளிதாகிவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. மேசையில் ஒரு துல்லியக் கோளத்தை வைத்து, ஸ்பிண்டிலில் புரோப் மாட்டி, சுழல் மையங்களைச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. அது என் வாதத்துக்கே துணை நிற்கிறது: துல்லியத்தைத் தருவது அச்சு அல்ல, அந்த அளவீடு. அதற்கும் எல்லை உண்டு. புரோப் நேர் அச்சுகளின் மேல் ஏறித்தான் அளக்கிறது. அவற்றின் செங்கோணப் பிழை சுழல் அச்சின் கணக்கில் கலந்துவிடும். வெறும் மேசையில் எடுத்த அளவு, கனமான ஜாப் ஏறிய மேசைக்கு அப்படியே பொருந்தாது. கொள்கை வகுப்போர் தரப்பில், சுங்க அதிகாரி எண்ணிப் பார்க்கக் கூடிய அளவுகோல்தானே வேண்டும் என்று கேட்கலாம். கோகாமுக்குப் பின் 1996இல் உருவான வாசனார் ஏற்பாட்டின் பட்டியல் அச்சு எண்ணிக்கையோடு நேர் அச்சுகளின் மீள்நிலைத் துல்லியத்தையும் இப்போது கேட்கிறது. முன்னேற்றம்தான். ஆனால் சொன்ன இடத்துக்கே மீண்டும் மீண்டும் வருவதை அது பார்க்கிறது. சொன்ன இடம் சரியா என்பதை அது பார்ப்பதில்லை. தவறான மையத்துக்கு ஒரு மைக்ரான் பிசகாமல் திரும்பிவரும் இயந்திரம் அந்தத் தேர்வில் எளிதாகத் தேறும்.

முழு இயந்திரத்தையும் சோதிக்கும் வழி தெரியாமல் இல்லை. 1969இன் நாஸ் 979 தரநிலை, சாய்த்து வைத்த வெட்டுக்கூம்பைக் கட்டரின் பக்கவாட்டால் வெட்டச் சொன்னது. ஐந்து அச்சும் ஒருசேர இயங்கினால்தான் கூம்பு உருப்படும். சில மையப் பிழைகள் அதில் மறைந்துவிடுவதும், கூம்பை மேசையில் வைக்கும் இடத்தைப் பொறுத்து முடிவு மாறுவதும் பின்னர் தெரியவந்தன. வளைவு திசை மாறும் எஸ் வடிவச் சோதனைத் துண்டு 2020இன் ஐஎஸ்ஓ 10791-7 தரநிலையில் இடம்பெற்றது. டெண்டர் எழுதுவோர் "ஐந்து அச்சு" என்ற வரியோடு நின்றுவிடாமல் நான்கு நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: இத்தகைய துண்டை, வாங்குபவரின் கூடத்திலேயே, குளிர்ந்த நிலையிலும் நான்கு மணி நேரம் ஓடிய பிறகும் வெட்டிக் காட்ட வேண்டும், 180 டிகிரி திருப்பி வெட்டிய எதிர்முகங்களின் வேறுபாட்டைத் தர வேண்டும், மையங்களை மறுபடி அளக்கும் இடைவெளியைக் குறிப்பிட வேண்டும், அந்த அளவீடுகளின் பதிவேட்டை வாங்குபவர் பார்க்கத் தர வேண்டும். இதற்குச் செலவாகும். ஆனால் இயந்திரத்தின் விலையில் பெரும்பகுதி எந்தத் திறனுக்காகக் கொடுக்கப்படுகிறதோ, அந்தத் திறன் வந்து சேர்ந்ததா என்று அறிய இதைவிட மலிவான வழி இல்லை.