காட்டுப்பன்றிக் கட்டுப்பாடு: அனுமதியும் நிலமும்

பயிரை அழிக்கும் காட்டு விலங்கைச் சுட அரசு தரும் அனுமதிக்கு இரண்டு நோக்கங்கள் இருக்கலாம். ஒரு வயலில் நேரும் சேதத்தைத் தடுப்பது ஒன்று. ஒரு வட்டாரத்தில் அவ்விலங்கின் தொகையைக் குறிப்பிட்ட அளவில் நிறுத்துவது மற்றொன்று. காட்டுப்பன்றி தொடர்பாகத் தமிழ்நாடு 2025இல் வகுத்த நடைமுறை முதல் நோக்கத்துக்கு ஓரளவு உதவும், இரண்டாவதற்கு உதவாது. காட்டிலிருந்து வயல் எவ்வளவு தூரம் என்பதை அது அளக்கிறது. பன்றி எத்தனை, எந்த நிலத்தில் தங்குகிறது என்பவற்றைக் கேட்பதில்லை.

உரிமம் கொடுத்து வேட்டையை முறைப்படுத்துவது தமிழகத்துக்குப் புதிதன்று. உதகையில் 1877இல் வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் நீலகிரிக்கென இயற்றப்பட்ட வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் உரிமத்தையும் வேட்டைக்கு மூடிய பருவத்தையும் நடைமுறைப்படுத்த வழிசெய்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் வேட்டை உரிமங்களுக்கு இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை நீக்கியது. எஞ்சியவை இரண்டு வழிகள். உயிருக்கோ விளைபயிருக்கோ ஆபத்தான விலங்கைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளர் 11ஆம் பிரிவின்படி அனுமதிக்கலாம். 62ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசு ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிராக அறிவிக்கலாம். பீகாருக்கும் உத்தராகண்டுக்கும் இரண்டாம் வழி பயன்பட்டது. கேரளம் முதல் வழியைப் பின்பற்றி, 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தது.

தமிழ்நாடு தூரத்தை அடிப்படையாக்கியது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். துப்பாக்கி உழவர் கைக்கு வருவதில்லை.

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில் இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்க்கலாம். இங்கே, மலையைச் சுற்றிச் செல்லும் 14 கி.மீ. கிரிவலப் பாதையின் ஒரு பக்கம் மலையும் காப்புக்காடும். மறுபக்கம் வீடுகளும் ஆசிரமங்களும் நிலங்களும். பாதையோர நிலம் முழுவதும் முதல் கிலோமீட்டருக்குள் அடங்குவதால் இங்கே துப்பாக்கிக்கு இடமில்லை. பக்தர்கள் நடக்கும் பாதையருகே இது சரியான முடிவே. ஆனால் காப்புக்காடுகள் சிதறிக் கிடக்கும் மாவட்டத்தில், காட்டோரத்து மணிலாக் கொல்லையில் காய் பிடிக்கும் பருவத்தில் பன்றி இறங்கி ஒரே இரவில் வரிசை வரிசையாகக் கிளறிப் போட்டாலும், உழவருக்குக் காவலும் வேலியுமே கதி. காவல் பலிக்காதபோது மின்கம்பியும் அவுட்டுக்காயும் (தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடி) வருகின்றன. இரண்டும் சட்டவிரோதம்; மனிதர்களையும் கால்நடைகளையும் யானைகளையும் பலி வாங்குபவை.

மூன்றாம் வளையத்தில், அதாவது 3 கி.மீ.க்கு அப்பால், சிக்கல் வேறு. பன்றி காட்டிலிருந்தே வருகிறது என்பது இந்நடைமுறையின் அனுமானம். ஆனால் சமவெளியில் அது சீமைக்கருவேலம் மண்டிய ஏரி உள்வாயிலும் ஓடைக்கரையிலும் பகலில் பதுங்கி, அங்கேயே குட்டி போட்டுப் பெருகுகிறது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. சேதம் உழவரின் பட்டாவில். பன்றியின் இருப்பிடம் அரசு நிலத்தில்.

அமெரிக்க மேற்கு மாநிலங்களில் எல்க் மானைக் கையாளும் முறை இங்கே ஒப்பிடத்தக்கது. அங்கே மான் பொதுவுடைமை. ஒவ்வொரு வேட்டை வட்டாரத்துக்கும் இலக்குத் தொகை வைத்து, அதற்கேற்ப ஆண்டுதோறும் அனுமதிச் சீட்டுகள் வழங்கப்படுகின்றன. பெட்டை பொதுவாக ஆண்டுக்கு ஒரே கன்று ஈனுவதால், பெட்டைக்கான சீட்டைக் கூட்டினால் தொகை குறையும். சீட்டு இருந்தும் நில உடைமையாளர் நுழையவிடாவிட்டால் மான்கள் அந்நிலத்திலேயே அடைக்கலம் புகுகின்றன. ஆகவே மொன்டானா மாநிலம் நிலத்தைத் திறந்துவிடுவோருக்கு ஈட்டுத்தொகை தருகிறது. கொலராடோ அனுமதிச் சீட்டில் ஒரு பங்கை நில உடைமையாளருக்கு ஒதுக்குகிறது. அங்கே இலக்கு உண்டு, நுழைவுதான் தடை. இங்கே உழவர் வரப்பைத் திறந்தே வைத்திருக்கிறார், இலக்குதான் இல்லை.

எல்க் முறையை அப்படியே இறக்குமதி செய்யவும் முடியாது. பன்றி ஓர் ஈற்றில் பல குட்டிகள் போடும். பெட்டை ஓரிரு வயதிலேயே சினைப்படும். சேதம் நேர்ந்த வயலில் ஓரிரண்டைச் சுட்டால் அந்த இடம் விரைவில் நிரம்பிவிடும். ஐரோப்பாவில் பல நாடுகள் ஆண்டுதோறும் ஏராளமான பன்றிகளைச் சுட்டும் தொகை பெருகியது இதற்குச் சான்று. மேலும் இந்தியாவில், வேட்டையாடிய விலங்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி அரசுடைமை. இறைச்சியோ வருமானமோ கிடைக்காத நிலையில் மக்களின் வேட்டை ஆர்வத்தை நம்பித் திட்டம் தீட்டவும் இயலாது.

எனவே அனுமதியின் அலகு வயலாகவோ கிலோமீட்டராகவோ இராமல் ஏரிவடிநிலமாக இருப்பது பொருத்தம். அறுவடைக்குப் பின் தடம், எச்சம், கேமராப் பொறி கொண்டு ஏரிதோறும் தொகையை மதிப்பிடலாம். நீர்வளத் துறையும் ஒன்றியமும் கருவேலத்தை அகற்றும் காலத்தையே வனத்துறை பிடிக்கும் காலமாக வைத்துக்கொள்ளலாம். சுடும் அனுமதியை எஞ்சியவற்றுக்கு மட்டும் எண்ணிக்கையுடன் தரலாம். காட்டோர வளையத்தில் சுட இடமில்லாததால் பயிர் இழப்பீடும் வேலி மானியமும் தாமதமின்றிச் சேர வேண்டும். இவை இல்லாதவரை அனுமதி சேதத்துக்குப் பின் வரும் நிவாரணமாகவே நிற்கும். தொகைக் கட்டுப்பாடு ஆகாது.