எக்ஸ்-கிளாஸ்: பென்ஸ் செய்த பிக்கப்

மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய நடுத்தர அளவு பிக்கப்தான் எக்ஸ்-கிளாஸ். அடிச்சட்டம் நிசான் நவாராவினுடையது. ஸ்பெயினின் பார்சிலோனாவில் நிசான் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. ஆரம்ப வகைகளின் 2.3 லீற்றர் டீசல் எஞ்சினும் நவாராவில் இருந்ததே. 2018இல் வந்த எக்ஸ் 350டிக்குத்தான் பென்ஸின் சொந்த 3 லீற்றர், ஆறு சிலிண்டர் எஞ்சின்: 258 குதிரைவலு. முகம் மாற்றிய நவாராவுக்கு இந்த விலையா என்று வாங்குவோர் தயங்கினர். 2020 மே மாதத்தோடு உற்பத்தி நின்றது.

ஓமந்தையில் பிக்கப்பை முகம் பார்த்து வாங்குவதில்லை. சோதனைச் சாவடியில் பொதிகளை இறக்கிக் காட்டித் திரும்ப ஏற்றிய காலத்தில், வன்னிக்குள் டீசலே கட்டுப்பாட்டுப் பொருள். அப்போதிருந்து வாகனம் ஓட்டும் ஐயா ஒருவருக்கு எக்ஸ்-கிளாஸின் படத்தைக் காட்டினேன். நட்சத்திரச் சின்னத்தை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இதுக்குச் சாமான் வவுனியாவில எடுக்கலாமோ, தம்பி?"